இரவல் உடம்பு

அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காலை, அம்மாவின் கட்டிலருகே வந்த மருத்துவர் சீட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “ஆண்டவன் திருப்பிக் கொடுத்த உயிர்மா இது. அவருக்கு நன்றி சொல்லுங்க. இனிமேலாவது உங்க பிள்ளைங்களுக்காக உடம்பைப் பார்த்துக்குங்க.” அம்மா படுத்தபடியே கை கூப்பினாள். பக்கத்தில் நின்ற நானும் கூப்பினேன்.

அக்கறையோடு சொன்ன சொற்கள்தாம். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரத்தம் வற்றி வந்து சேர்ந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றியவர் அவர். நாலு வருடமாக அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாள் போக்கு இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பழைய புடவையை நாலாக மடித்துக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போயிருக்கிறாள், களையெடுக்கப் போயிருக்கிறாள், நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நிக்கிற வயசுதானே, தானா நின்னுடும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடும். உனுக்கு வேற அப்போ பரீட்சை” என்றாள்.

பிள்ளைகளுக்காகத்தான் அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் இருந்தாள். இப்போது அதே பிள்ளைகளுக்காக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காரணம் மாறவே இல்லை. இதுதான் என்னை உறுத்தியது. மருத்துவர் சொன்னதில் மூன்று பேர் இருக்கிறார்கள். கொடுத்தவர் ஆண்டவன். பயனடைகிறவர்கள் பிள்ளைகள். இடையில் உடம்பை வைத்திருப்பவள் அம்மா. அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை நசுங்காமல் துலக்கித் திருப்பிக் கொடுப்பதுபோல, வாங்கியதைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான் அவளுக்கு விதிக்கப்பட்ட வேலை.

உயிர் ஒரு கொடை, உடம்பைப் பேணுவதே அதற்கு நாம் காட்டும் நன்றி என்ற பேச்சு நம் மொழியில் மிகப் பழையது. பள்ளிக்கூடத்திலும் கோயில் சொற்பொழிவிலும் யோகா வகுப்பிலும் அதையே கேட்டு வளர்ந்தோம். அந்தப் பேச்சை அம்மாவின் கட்டிலருகே நின்று வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது மானிடப் பிறவியின் அருமையைச் சொல்லும் ஔவையாரின் பாட்டு. மனப்பாடப் பகுதியில் நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான். மனிதராகப் பிறப்பது அரிது என்று தொடங்கும் அது, அடுத்த படியிலேயே உடற்குறை இல்லாமல், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்கிப் பிறப்பது அதைவிட அரிது என்று ஏறிப்போகிறது. எங்கள் வகுப்பில் காலைச் சாய்த்து நடக்கும் தோழி ஒருத்தி இருந்தாள். அவளும் எங்களோடு சேர்ந்து உரக்கத்தான் ஒப்பித்தாள். அந்த நன்றி மற்றவர்களைவிட நான் நன்றாகப் பிறந்துவிட்டேன் என்று ஆறுதல்படுகிற நன்றி. அவள் யாரைப் பார்த்து ஆறுதல்பட்டிருப்பாள் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அடுத்தது திருமந்திரம். உடம்பை வெறுத்தது பிழை என்று உணர்ந்து, உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டு, அதைப் பேணத் தொடங்கிய ஒருவரின் குரல் அதில் கேட்கிறது. உடம்பை மலக்கூடை என்று இகழ்ந்த மரபுக்கு நடுவே அது பெரிய திருப்பம். எனக்கும் பிடித்த குரல். ஆனால் உடம்பு கோயில் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: கோயில் என்றால் அதைக் கூட்டிப் பெருக்குகிறவர் யார்? மூச்சைக் கணக்கிட்டு, அளவறிந்து உண்டு, வேளையறிந்து உறங்கி உடம்பை வளர்க்கிற ஒருவருக்கு உலை வைத்தவர் ஒருவர் இருந்திருப்பார். அந்த ஒருவருடைய மூச்சை எண்ண அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மூன்றாவதாகப் பட்டினத்தார். பெண்ணுடம்பை அருவருப்போடு பாடியவர் என்று அவரை நாம் அறிவோம். தாயின் சிதையருகே அவர் பாடியதாக வழங்கும் பாடல்களையும் அறிவோம். பத்து மாதம் சுமந்ததை, பாலூட்டியதை, தோளில் போட்டு வளர்த்ததை எல்லாம் சொல்லி அழும் அந்தப் பாடல்களை எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் இன்றும் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். கேட்டுக் கல்நெஞ்சும் கரையும். எனக்கும் கண் கலங்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சைக்குரியதாக இருக்கும்போது வசைபாடப்பட்ட அதே பெண்ணுடம்பு, எல்லாவற்றையும் கொடுத்து முடித்து விறகின்மேல் கிடக்கும்போதுதான் நன்றிக்குரியதாகிறது. நன்றி வந்து சேரும்போது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இலக்கியத்தில் இப்படி என்றால் கல்வெட்டில் எப்படி? உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது குடவோலையைத்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உள்ளவர்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின. பெண்ணின் பெயருக்கு அங்கே இடம் இல்லை. ஜனநாயகத்தின் தாய்வீடு என்று எங்கள் ஊரைப் புகழும் மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள கல்வெட்டு. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் என்று நடந்த ஒரு மருத்துவமனையைப் பற்றி அது விரிவாகச் சொல்கிறது. வீரசோழன் பெயரில் அமைந்த அந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், ஒரு நாவிதர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி, இரவில் எரிய விளக்கு, வைத்திருக்க வேண்டிய அரிட்டங்கள், தைலங்கள், நெய்களின் பட்டியல் எல்லாம் கல்லில் இருக்கிறது. மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, அதோடு நிலமும்.

அந்த இரண்டு பெண்களின் பெயர்கள் இல்லை. இரவில் அந்த விளக்கடியில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவை, வாந்தியைத் துடைத்தவை அவர்களுடைய கைகளாகத்தான் இருந்திருக்கும். அவர்களுக்கே காய்ச்சல் வந்தால் அந்தப் பதினைந்து படுக்கைகளில் ஒன்றில் படுத்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். பணியாளர்களுக்கும் உரிய மருத்துவமனை என்பதால் படுத்திருக்கவும் கூடும். ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஆனாலும் இந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. உயிர் கொடை என்று அது பாடவில்லை. அந்த உயிரைத் தாங்க எத்தனை நாழி அரிசி, எவ்வளவு எண்ணெய், எத்தனை ஆள் என்று கணக்குப் போடுகிறது. உடம்பைப் பேணுவது பற்றி நம்மிடம் இருக்கும் பழைய எழுத்துகளில் இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் படித்ததில்லை.

அதே வேலை வீட்டுக்குள் நடக்கும்போது கணக்கு மறைந்துவிடுகிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரம்தான் மற்றவர்களின் உயிரைக் கொடையாக வைத்திருக்கிறது. சோறும் சுத்தத் துணியும் வெந்நீரும் வேளைக்கு மாத்திரையும் இங்கிருந்தே வருகின்றன. உடம்பைத் தந்தவனுக்கு நன்றி சொல்லும் பாட்டுகள் நம்மிடம் ஏராளம். தினமும் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறு போட்டவளுக்கு அன்னையர் தினத்தில் ஒரு வாழ்த்து அட்டை.

பெண்கள் தாங்களே நன்றி சொல்லும் விதம் என்ன? எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் வேண்டுதல். எனக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். அவள் தீ மிதித்தாள். பெரியம்மா தன் மகனுக்காக மண்சோறு சாப்பிட்டாள். இன்னொருத்தி வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். கூழ் வார்ப்பதில் தொடங்கி அலகு குத்துவது வரை, பிள்ளையின், கணவனின் உயிருக்கான விலையைப் பெண் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறாள். இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நிலம் இல்லை, நகை இல்லை, கையில் காசு இல்லை. பேரம் பேச அவளிடம் இருந்த ஒரே பொருள் அவள் உடம்பு. அதை வைத்துப் பேசினாள். நான் கேட்பது வேறு: தனக்கு நாலு வருடம் ரத்தம் போனபோது, தனக்காக அவள் ஏன் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை? கேட்டேன். “எனுக்கு நானே எப்படி வேண்டிக்கறது?” என்று சிரித்தாள்.

பக்கத்தில்தான் மேல்மருவத்தூர். மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையால் பூசை செய்யலாம் என்று அங்கே வழக்கம் வந்தபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அம்மாவும் போனாள். அந்த அமைப்பின் மற்ற விஷயங்கள் குறித்து எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் ரத்தம் போகும் உடம்போடு தெய்வத்தின் முன் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்பது அந்தப் பெண்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. அங்கே நின்ற அதே அம்மா, அதே ரத்தத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வெட்கப்பட்டாள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தீட்டு நீங்கிய இடத்திலும் இரவல் நீங்கவில்லை.

அரசாங்கத்தின் பேச்சும் இந்த இரவல் கணக்கிலேதான் ஓடுகிறது. வளரிளம் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது நாளைய தாய்மார்கள் என்கிறோம். கர்ப்பிணிக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அது நல்ல திட்டம், அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. இரண்டு பிள்ளை பெற்றுக் கருத்தடை செய்துகொண்டதும் அவளைத் தேடி வருபவர்கள் குறைந்துவிடுகிறார்கள். அந்தக் கருத்தடையும் அவளுடைய பொறுப்பே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் போதவில்லை என்றால், மாத்திரை போய்ச் சேராத ஏதோ ஓர் இடத்தில் குறை இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம் அந்த இடங்களில் ஒன்று.

பெரியார் இந்தக் கணக்கைக் குடி அரசு காலத்திலேயே பிடித்துவிட்டார். கருத்தடையை அன்று பலரும் ஆதரித்தார்கள். பெண்ணின் உடல்நலத்துக்கு நல்லது, நாட்டின் வறுமை குறையும், குடும்பச் சொத்து சிதறாது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். தான் அதைக் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் தன்னைப் பிரித்துக் காட்டினார். உடல்நலம் என்ற நல்ல காரணத்தைக்கூட அவர் ஏன் ஒதுக்கிவைத்தார் என்பது, ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் கட்டிலருகே விளங்கியது. நலமாக இருக்கும் இரவல் பாத்திரமும் இரவல் பாத்திரம்தான். பாத்திரம் யாருடையது என்பதே முதல் கேள்வி.

திட்டத்தின் பெயராக நாம் அறிந்த முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையிலும் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் விரதமாகவோ வேண்டுதலாகவோ ஆக்கவில்லை. 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. தனக்குக் கிடைத்த உயிருக்கும் படிப்புக்கும் அவர் செலுத்திய நன்றி, இன்னொருவர் படுத்துக்கொள்ளக் கட்டில்களாக நின்றது. திருமுக்கூடலில் ஊர்ப் பெண்களுக்கு இல்லாத இடம் அங்கே கிடைத்தது.

இன்று நம் கண்ணெதிரே இருப்பவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண்கள். ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். அவர்களில் பலரும் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்களே. அவர்களுடைய பெயர் ‘தன்னார்வலர்’. கிடைப்பது ஊக்கத்தொகை. கல்வெட்டுக்கூடக் கூலி என்று கணக்கு வைத்த வேலையை நாம் ஆர்வம் என்று அழைக்கிறோம். தெருவில் அவர்களைக் கண்டால் கும்பிடுகிறோம். சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றால் வேறு பக்கம் பார்க்கிறோம்.

உடம்பைப் பேணுவது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு நிகழ்ச்சிகள் இதே மாவட்டத்தோடு தொடர்புடையவை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கைபேசி தயாரிக்கும் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழுந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். கிராமங்களிலிருந்து போன, இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். வேலை கொடுத்ததற்கு நன்றியோடு இருக்க வேண்டியவர்கள் என்று ஊர் நினைத்தவர்கள். ஆலை சில வாரம் நின்றது. விடுதிகளின் நிலை உலகத்துக்குத் தெரிந்தது.

இன்னொன்று நாற்காலி. அதே 2021இல், கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் நடத்திய போராட்டத்தால் கேரளம் அதை 2018இலேயே செய்திருந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே ஆயிரம் புடவை பிரித்துக் காட்டும் பெண்களின் கால் வீக்கத்துக்கு எந்தச் சொற்பொழிவும் தராத மருந்து இந்தச் சட்டத்தில் இருக்கிறது. கடைக்குப் போகும்போது அந்த இருக்கை இருக்கிறதா, அதில் அவர்கள் உட்கார விடப்படுகிறார்களா என்று நாம் பார்க்கலாம். புடவை எடுக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் நாம்தானே.

நன்றியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா பிழைத்து வந்தபோது எனக்குள் பொங்கியது நன்றிதான், வேறு பெயர் அதற்கு இல்லை. ரத்தம் கொடுத்த முகம் தெரியாத இருவருக்கு, இரவெல்லாம் பக்கத்தில் நின்ற செவிலியருக்கு, மருத்துவருக்கு, கழிவறையைக் கழுவிய அக்காவுக்கு என்று அது பல பக்கம் பிரிந்து போயிற்று. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கட்டவேண்டிய பாக்கி ஏதோ ஒன்று இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது: சம்பளமாக, ஓய்வாக, நானும் ஒருநாள் ரத்தம் கொடுப்பதாக. ஆண்டவனிடம் மட்டும் மொத்தமாகச் செலுத்திவிட்டால் இந்தப் பாக்கியெல்லாம் மறந்துபோகும். அம்மாவின் உடம்பின்மேல் அந்த நன்றியைக் கடனாக ஏற்றி, நீ இனி எங்களுக்காக நன்றாக இரு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் இலவசமாகவே செய்கிறார்கள். நம் அம்மாக்களை, அத்தைகளை அழைத்துப்போவது கடினமான வேலை இல்லை. போகும்போது “எங்களுக்காக வா” என்று கெஞ்சாமல் அழைத்துப்போக முடியுமா என்பதுதான் சோதனை. ஒரு நாள் கூலியை யார் ஈடுகட்டுவது, அன்று மதியச் சோற்றை யார் வடிப்பது என்பதை முதலில் பேசி முடித்தால் பாதி கெஞ்சல் குறையும்.

சென்ற மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் சொல்லாமல் அவளே பேருந்து ஏறி உத்திரமேரூருக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது சீட்டு வாங்கிய கதையைச் சொன்னாள். வரிசையில் பக்கத்தில் இருந்த பெண், “வீட்ல பேரப்பிள்ளைங்களைத் தூக்கணுமில்ல, அதான் காலைக் காட்ட வந்தீங்களா?” என்று கேட்டாளாம்.

“இல்லமா, எனுக்கு வலிக்குது, அதான் வந்தேன்னு சொன்னேன்” என்றாள் அம்மா.